டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாத ஆள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவப் பக்கத்தில் நோயாளி கேட்கிறார், மருத்துவர் பதில் சொல்கிறார். அந்த நோயாளியை ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து புரட்டிப் படுக்க வைக்கிறாரே, மனைவியோ மகளோ மருமகளோ மகனோ, அவருக்கென்று அந்தப் பக்கத்தில் எதுவும் இருப்பதில்லை. ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்கு எழுதுகிற கடிதம். "பேக் கேர், பொசிஷன் சேஞ்ச், டியூப் ஃபீட்" (முதுகைப் பராமரிப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, குழாயில் உணவு விடுவது) என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். அந்த வரியில் உள்ளதைச் செய்யப்போகிறவர் யார், அவருக்கு அது செய்யத் தெரியுமா என்பதை எழுத அதில் இடமே கிடையாது.

வீட்டுப் பராமரிப்புப் பணியில் உள்ள நாங்கள் ஆஸ்பத்திரிகளிடம் கேட்பது ஒன்றுதான். நோயாளியை அனுப்புவதற்கு முன்னால், வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவர் தன் கையாலேயே ஒவ்வொரு வேலையையும் ஒரு தடவை செய்ய வேண்டும். செவிலியரோ பிசியோதெரபிஸ்டோ பக்கத்தில் நின்று திருத்த வேண்டும். செய்து காட்டுவது போதாது, பார்க்கும்போது எல்லாமே சுலபமாகத்தான் தெரியும். பில் கட்டும் வரிசையில் நிற்கிற மகனிடம் சொல்லிவிட்டு, வீட்டில் இருக்கும் மருமகளுக்கு அது போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்புவதும் வீண்.

படுக்கைப்புண்ணையே எடுத்துக்கொள்வோம். "இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி என்று சொல்வதில்லை. வீட்டில் இருப்பவர் நோயாளியை முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்துவிடுகிறார். முதுகில் இருந்த பாரம் அப்படியே இடுப்பின் பக்கவாட்டு எலும்பு முனைக்குப் போகிறது. அங்கே தசை குறைவு. புது இடத்தில் புண் வருகிறது. வேண்டியது 30 பாகைச் சாய்வு மட்டுமே. முதுகுக்குப் பின்னால் தோள் முதல் இடுப்பு வரை ஒரு தலையணையை அண்டை கொடுத்து, அதன் மேல் லேசாகச் சாய்த்துவிட வேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் இன்னொரு தலையணை. பிறகு உள்ளங்கையை இடுப்புக்கு அடியில் நுழைத்துத் தடவிப் பாருங்கள். வால் எலும்பு மெத்தையில் அழுந்தாமல், பக்கவாட்டு எலும்பும் அழுந்தாமல், பின்புறத்துச் சதையில் பாரம் உட்கார்ந்திருந்தால் அதுதான் சரியான நிலை.

குதிகாலுக்குத் தனிக் கவனம் வேண்டும். குதிகாலுக்கு அடியில் மெத்தென்று எதை வைத்தாலும் அழுத்தம் அழுத்தம்தான். கெண்டைக்கால் முழு நீளத்துக்கும் தலையணை வைத்து, குதிகால் அதன் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நிற்க வேண்டும். ஒரு தாளை அடியில் விட்டால் தடையில்லாமல் மறுபக்கம் வர வேண்டும். முழங்கால் சற்றே மடங்கியிருக்கட்டும், விறைத்து நீட்டியபடி வேண்டாம்.

பலருக்கும் தெரியாத எதிரி சறுக்கல். கட்டிலின் தலைமாட்டை 30 பாகைக்கு மேல் உயர்த்தி அப்படியே விட்டால் உடம்பு மெல்லக் கீழே இறங்கும். தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும், எலும்பு மட்டும் நகரும். நடுவில் இருக்கும் சின்ன ரத்தக் குழாய்கள் இழுபட்டு அடைபடும். புண் உள்ளே தொடங்கி, சில நாள் கழித்தே வெளியே தெரியும். சாப்பாட்டுக்கு நிமிர்த்தித்தான் ஆக வேண்டும். அப்போது முதலில் முழங்காலுக்கு அடியில் தலையணை, பிறகு தலைமாடு. இந்த வரிசை மாறினால் சறுக்கும். சறுக்கிக் கீழே வந்துவிட்டவரை அக்குளில் கை கொடுத்து மேலே இழுப்பதும் அதே தோலைத்தான் உரிக்கிறது. தோள் முதல் தொடை வரை வரும்படி ஒரு துணியை எப்போதும் அடியில் போட்டு வைத்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் அதன் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். ஒரே ஆளாக இருந்தால், நோயாளியை முழங்கால் மடக்கிக் காலை ஊன்றச் சொல்லி, அவர் உந்தும் நொடியில் நகர்த்துங்கள்.

"தோல் சிவந்தால் கவனியுங்கள்" என்று அச்சிட்டுத் தருகிறார்கள். அந்தப் படங்கள் பெரும்பாலும் வெளுத்த தோலில் எடுத்தவை. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிட ஒரு திட்டு கறுத்தோ ஊதா படிந்தோ இருக்கும். புறங்கையால் தொட்டால் அது மட்டும் சூடாகவோ சில்லென்றோ, கெட்டியாகவோ சதசதவென்றோ இருக்கும். வெளுத்த தோலாக இருந்தால், விரலால் சில நொடி அழுத்தி எடுக்கும்போது சிவப்பு வெளுத்துத் திரும்ப வருகிறதா என்று பார்க்கலாம். வெளுக்கவே இல்லை என்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பக்கம் படுக்க வைப்பதை நிறுத்துங்கள். எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், அடிபட்ட திசுவைத் தேய்த்தால் இன்னும் கிழியும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தின் மேல் உட்கார வைப்பது நல்ல எண்ணத்தில் செய்யும் தவறு. வளையம் அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, நடுப்பகுதிக்கு வருவதும் குறைந்துபோகிறது.

ஏர் பெட் வாங்கியதும் புரட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். அதன் மேல் ரப்பர் ஷீட், மடித்த போர்வை, அதற்கும் மேல் இறுக்கிக் கட்டிய விரிப்பு என்று அடுக்கிவிட்டால் அடியில் காற்று ஏறி இறங்குவது உடம்புக்குப் போய்ச் சேராது. தளர்வாக ஒரே ஒரு விரிப்பு போதும். பம்பில் உள்ள குமிழை நோயாளியின் எடைக்கு ஏற்ப வைக்க வேண்டும். சரிபார்க்க, மெத்தைக்கு அடியில் இடுப்புக்கு நேராக, உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நுழையுங்கள். எலும்பு கையில் முட்டினால் காற்று போதவில்லை, குறைந்தது 2.5 செ.மீ. இடைவெளி வேண்டும். அப்போதும் புரட்டுவது தொடர வேண்டும், இடைவெளி வேண்டுமானால் கூடலாம். எவ்வளவு கூடலாம் என்பதைத் தோலைப் பார்த்துச் செவிலியர் சொல்லட்டும்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகிற இடத்தில் கெட்டுப்போவது இரண்டு உடம்பு. பக்கவாதத்தில் விழுந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு நழுவும்; அதைத் தாங்கும் தசைக்குத்தான் பலம் இல்லையே. நோயாளி இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டால் பார்த்துக்கொள்பவரின் கழுத்தும் இடுப்பும் போகும். செய்யும் முறை இது. நாற்காலியை நோயாளியின் நல்ல பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாகப் போடுங்கள். சக்கர நாற்காலி என்றால் பிரேக் போட்டு, கால் வைக்கும் தட்டை விலக்கிவிடுங்கள். நோயாளி கட்டில் விளிம்பில் ஒன்றிரண்டு நிமிடம் உட்காரட்டும். எழுந்ததும் பிரஷர் இறங்கி மயக்கம் வருவது இந்த இடத்தில்தான். பாதம் இரண்டும் தரையில், முழங்காலுக்குச் சற்று உள்ளே இழுத்தபடி இருக்க வேண்டும். இடுப்பில் ஒரு அகலமான பெல்ட். உங்கள் பிடி அதில்தான், அக்குளில் இல்லை. அவருடைய பலமில்லாத முழங்காலுக்கு முன்னால் உங்கள் முழங்காலைத் தடுப்பாக வையுங்கள். மூக்கு கால் விரலைத் தாண்டும் அளவுக்கு அவர் முன்னால் குனிந்தால் பின்புறம் தானாக எழும். குனியாமல் நேராகத் தூக்கப் பார்க்கும்போதுதான் முழு எடையும் உங்கள் முதுகில் ஏறுகிறது. கடைசியில் நாற்காலியின் விளிம்பு அவருடைய காலின் பின்பக்கத்தில் பட்ட பிறகே உட்கார விட வேண்டும்.

நடுவில் கால் மடிந்துவிட்டால் தாங்கிப் பிடிக்க முயலாதீர்கள். ஒரு காலைப் பின்னால் வைத்து, அவரை உங்கள் தொடை வழியாகச் சறுக்கித் தரையில் இறக்குங்கள், தலையை மட்டும் காப்பாற்றுங்கள். இதை எந்த ஆஸ்பத்திரியிலும் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை. விழ விடுவது எப்படி என்று கற்றுத்தர யாருக்குத்தான் மனம் வரும்!

சாப்பாடு ஊட்டுவதில் ஆபத்து சத்தமில்லாமலும் வரும். இருமினால் புரை ஏறியது தெரியும். பக்கவாதமோ பார்க்கின்சனோ உள்ளவர்களில் சிலருக்கு இருமலே வராமல் உணவு மூச்சுக்குழாயில் இறங்கும். விழுங்கிய பிறகு குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல் களகளவென்று இருக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு சில வாய்க்கும் ஒரு வார்த்தை பேசச் சொன்னால் தெரிந்துவிடும். நன்றாக நிமிர்ந்த நிலையில், சின்ன ஸ்பூனில், எதிரே உட்கார்ந்து ஊட்டுங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலையைத் தூக்குவார், மூச்சுக்குழாயின் வாய் திறந்துவிடும். முடிந்ததும் பலமில்லாத பக்கத்துக் கன்னத்தில் உணவு தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரை மணி நேரம் படுக்க விடக்கூடாது. விழுங்கக் கஷ்டப்படுபவருக்குக் கெட்டியான உணவைவிட வெறும் தண்ணீரே சிக்கல், அது வேகமாக ஓடிவிடும். எந்த அளவு கெட்டியாகக் கொடுப்பது என்பதை விழுங்கும் பயிற்சி தரும் பேச்சு சிகிச்சையாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். வாயாலேயே சாப்பிடாதவருக்கும் தினம் பல்லும் நாக்கும் துலக்க வேண்டும், எச்சிலோடு கிருமி நுரையீரலுக்குள் போகாமலிருக்க.

மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் குழாய் வைத்து அனுப்பினால், மூக்கு நுனியில் குழாயின் எந்த எண் நிற்கிறது என்று முதல் நாளே எழுதி வையுங்கள். ஒவ்வொரு தடவையும் எதையும் விடுவதற்கு முன் அதைப் பாருங்கள். எண் மாறியிருந்தால் ஒரு சொட்டும் விடாதீர்கள். சிரிஞ்சில் காற்றை ஊதி வயிற்றில் சத்தம் கேட்டுப் பார்க்கும் பழைய முறையை நம்ப முடியாது. குழாய் நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கும். குழாய் வழியாக உறிஞ்சிய நீரை, அமில அளவைக் காட்டும் பி.ஹெச். தாளில் தொட்டு 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் குழாய் வயிற்றில் இருக்கிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்த எண் கூடித் தெரியலாம். அப்போது என்ன செய்வது என்று கிளம்பும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உணவுக்கு முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விட்டுக் குழாயை அலச வேண்டும். சிறுநீரகமோ இதயமோ பழுதாகித் தண்ணீருக்கு அளவு கட்டியிருந்தால் இந்தத் தண்ணீரும் அந்தக் கணக்கில் சேரும், இதை மறந்துவிடுகிறார்கள்.

மாத்திரைகளை ஒன்றாகப் பொடித்துக் கரைத்து விடுவது குழாய் அடைக்க ஒரு முக்கியக் காரணம். ஒவ்வொன்றாகக் கரைத்து, நடுவில் தண்ணீர் விட வேண்டும். எல்லா மாத்திரையையும் பொடிக்கவும் கூடாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர். என்று இருந்தால் அது நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டிய மருந்து. பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். குழாய் இருப்பதைச் சொல்லி வேறு வடிவம் கேளுங்கள், பல மருந்துகளுக்குச் சிரப் உண்டு.

இன்சுலினில் ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்றும் 100 யூனிட் என்றும் இரண்டு வகை உண்டு. சிரிஞ்சும் அதே போல இரண்டு வகை. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 குப்பியிலிருந்து 40 சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 25 யூனிட். குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணைப் படிக்கிற பழக்கம் ஒன்றே இதற்குக் காவல். ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் 15 கிராம் குளுகோஸ், சுமார் 3 தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரை உடனே வேலை செய்யாது, குளுகோஸ்தான் வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சிறுநீர் போகக் குழாய் போட்டிருந்தால், அதில் மாட்டிய பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே, தரையில் படாமல் இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யலாம். சிறுநீர் வராமல் வயிறு உப்பினால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், அடுத்து மலச்சிக்கலை யோசியுங்கள். கெட்டிப்பட்ட மலம் குழாயை வெளியிலிருந்து அழுத்தும். இரண்டும் இல்லையென்றால் காத்திருக்காமல் செவிலியரை அழையுங்கள். நாலைந்து நாள் மலம் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் அது பேதி என்று நினைத்துப் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். கெட்டி மலத்தைச் சுற்றிக்கொண்டு வழிகிற நீர் அது. மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும்.

நேற்றுவரை ஆளை அடையாளம் தெரிந்தவர் இன்று திடீரென்று உளறினாலோ, பகலெல்லாம் எழுப்ப முடியாமல் தூங்கினாலோ "வயசாயிடுச்சு, மறதி" என்று விடாதீர்கள். மறதி நோய் மாதக் கணக்கில் வரும். ஒன்றிரண்டு நாளில் வந்த குழப்பத்துக்குப் பின்னால் பெரும்பாலும் தொற்று, நீர் வற்றல், மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று ஏதாவது இருக்கும். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டியது அது. முகம் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தொய்ந்து, பேச்சு குழறினால் பக்கவாதம். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான் கெடு, அதில் ஸ்கேன் எடுக்கும் நேரமும் அடக்கம்.

இத்தனையையும் செய்கிறவரின் உடம்பைப் பற்றி டிஸ்சார்ஜ் சமயத்தில் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்ட 66 முதல் 96 வயது வரை உள்ளவர்களை நான்கு ஆண்டு தொடர்ந்து கவனித்தது. பாரமாக உணர்ந்து பார்த்துக்கொண்டவர்களுக்கு, அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட இறக்கும் அபாயம் 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பார்த்துக்கொண்டும் பாரம் தெரியாமல் இருந்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. பாரத்தைக் குறைக்க வழி உண்டு என்பதால்தான் இதைச் சொல்கிறோம்.

முதலில் தூக்கம். ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரே ஆள் எழுந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. இரண்டு பேர் இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதைவிட, ஒருவர் இரவு 2 மணி வரை, மற்றவர் அதற்குப் பிறகு என்று பிரித்தால் இருவருக்கும் தினமும் நாலைந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கக் கிடைக்கும். தனி ஆள் என்றால், இரவில் எவ்வளவு நேரம் விட்டுப் புரட்டலாம், சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். கேட்டால் பல சமயம் மாற்றித் தருவார்கள்.

அடுத்து, அவருடைய சொந்த மருந்து. தன் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனதைப் பத்து நாள் கழித்துக் கவனிப்பவர்கள் நிறைய. நோயாளிக்குப் பிரஷர் பார்க்கும்போதே அதே கருவியில் தனக்கும் பார்த்து அதே நோட்டில் எழுதலாம். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து கிடந்ததா என்ற இரண்டு கேள்விக்கும், அல்லது ஒன்றுக்காவது, "பாதி நாளுக்கு மேல்" என்று பதில் வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கோபம் தலைக்கேறிக் கை ஓங்கத் தோன்றினால், நோயாளி விழாத நிலையில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் அறையை விட்டு வெளியே போங்கள். அந்த எண்ணம் வருவதாலேயே ஒருவர் கெட்டவர் ஆகிவிடமாட்டார், தூக்கமில்லாதவருக்கு வரக்கூடியதுதான். திரும்பத் திரும்ப வந்தால் வேறொருவர் கைமாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

உறவினர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு நாள் வந்து தங்கி, "இப்படியா படுக்க வைப்பது" என்று கேட்டுவிட்டுப் போவதால் யாருக்கும் உதவியில்லை. "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பதும் அப்படித்தான். சொல்லத் தெம்பு இருந்தால் அவரே செய்துகொள்வார். ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 முதல் 6 வரை நான் இருக்கிறேன், நீ போய்த் தூங்கு என்று நாளும் நேரமும் சொல்லி வாருங்கள். வருவதற்கு முன் ஒரு தடவை புரட்டவும் ஊட்டவும் பழகிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவர் தூங்கமாட்டார்.

மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 'ஐசப்போர்ட்' என்ற பயிற்சியை வகுத்திருக்கிறது. மற்ற நோய்களுக்கும் அந்த மாதிரிப் பயிற்சி எல்லோருக்கும் கிடைக்கும் வரை, ஒரே ஒரு தாளையாவது உங்கள் பத்திரிகை அச்சிட்டுத் தர வேண்டும். வெட்டி எடுத்துக் கதவின் உட்புறம் ஒட்டுகிற அளவில் இருந்தால் போதும். அதில் பாடம் எதுவும் வேண்டாம், நிரப்புவதற்குக் கோடுகள் வேண்டும்: நோயாளியின் பெயர், நோய்கள், ஒவ்வாமை, ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயர், அளவு, நேரம், பொடிக்கக் கூடாதவை, குழாயின் எண், அடுத்து மாற்ற வேண்டிய தேதி, எப்படி மாற்றி உட்கார வைப்பது, எந்தப் பக்கம் பலமில்லை, எதற்குப் பயப்படுவார், எதைச் சொன்னால் அமைதியாவார், இரண்டு பேருடைய தொலைபேசி எண். மூலப்பெயரை எழுதச் சொல்வதற்குக் காரணம், ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு மருத்துவர்களிடமிருந்து வந்து இரண்டையும் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. பார்த்துக்கொள்பவருக்கே ஒரு நாள் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர் அந்தத் தாளைப் பார்த்து அன்றைய ராத்திரியை ஓட்டிவிட முடிய வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டுப் பராமரிப்புப் பணியில் உள்ள செவிலியர், பிசியோதெரபிஸ்ட் சிலர்